கூடலூர் என்றால் எந்தக் கூடலூர்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒடிசா வரைபடத்தில் நீலகிரி என்று ஓர் ஊரைப் பார்த்திருக்கிறீர்கள். தேனியில் ஒரு கூடலூர், எங்கள் நீலகிரி மாவட்டத்தில் ஒரு கூடலூர் இருப்பது குழப்பமாக இருக்கிறது என்கிறீர்கள். நியூசிலாந்தின் தலைநகரமும் குன்னூரை அடுத்த ராணுவ ஊரும் எப்படி ஒரே பெயரில் இருக்கின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், "இவற்றில் யார் யாரைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்? நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் ஊட்டியில் இறங்கலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ரயில் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மற்றவற்றின் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் ஒன்று மூலம், மற்றது நகல் என்று கொள்ளலாமா? கொள்ளக் கூடாது. நீங்கள் சொன்ன மூன்றில் வெலிங்டன் ஒன்றுக்குத்தான் 'யாரைப் பார்த்து' என்ற கேள்வியே பொருந்தும். அதற்கும் பதில் நீங்கள் எதிர்பார்ப்பது அல்ல.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். அஞ்சல் துறையில் 34 ஆண்டுகள் இருந்தேன். அதில் பெரும்பகுதி நீலகிரியில், தபால் பிரிக்கும் மேசையில் கழிந்தது. ஒரே பெயர் கொண்ட ஊர்களோடு தினமும் மல்லுக்கு நிற்கிற வேலை அது. அந்த மேசைதான் ஊர்ப்பெயர்களின் மேல் எனக்குப் பற்றை உண்டாக்கியது. ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. இந்த மலையின் பழங்குடிகளான தோடரின் மொழியும் கோத்தரின் மொழியும் எனக்குப் பேச வராது. அந்தப் பெயர்களைப் பற்றி நான் சொல்வதைக் கேட்டும் படித்தும் அறிந்தவனின் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூடலூர். கூடுகிற இடம் கூடல். ஆறு ஆற்றோடு கூடினாலும் சாலை சாலையோடு கூடினாலும் அதற்குப் பொருந்துகிற பெயர் அது. மதுரைக்கே கூடல் என்ற பழம்பெயர் உண்டு. எங்கள் கூடலூரில் நின்று பாருங்கள். நடுவட்டத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஊட்டிச் சாலை, முதுமலைக் காட்டின் ஊடாக வரும் மைசூர்ச் சாலை, நாடுகாணி தாண்டி நிலம்பூருக்கு இறங்கும் சாலை, வயநாட்டுக்குப் போகும் சாலை என எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. மூன்று மாநிலத்து வண்டிகளை ஒரே தேநீர்க் கடை வாசலில் பார்க்கலாம். தேனி மாவட்டத்துக் கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், குமுளி மலைக்குக் கீழே இருக்கிறது. கோவை மாவட்டத்திலும் ஒரு கூடலூர் உண்டு. இன்றைய கடலூருக்கே முற்காலப் பெயர் கூடலூர் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊருக்குச் சாலைகள் கூடுவதால்தான் இந்தப் பெயர் வந்தது என்பதற்குக் கல்வெட்டு எதையும் நான் காட்ட முடியாது. ஊரார் சொல்லும் விளக்கம் அது. இடத்துக்கும் பொருந்தி வருகிறது, அவ்வளவே. ஆனால் இந்த ஊர்களில் ஒன்றைப் பார்த்து இன்னொன்று பெயர் வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் மூத்த பிள்ளையைப் 'பெரியவன்' என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டைப் பார்த்தா கூப்பிடுகிறார்கள்? இடத்தின் இயல்பைச் சொல்லும் பெயர்களெல்லாம் இந்த வகைதான். குன்னூர்ப் பக்கத்தில் மேலூர் இருக்கிறது, மதுரைப் பக்கத்தில் மேலூர் இருக்கிறது. எங்கள் நடுவட்டம் போல் கேரளத்திலும் நடுவட்டம் உண்டு. மேலே இருப்பது மேலூர், நடுவில் இருப்பது நடுவட்டம். அதற்கு மேல் அதில் துப்பறிய ஒன்றும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மேசைக்கு வந்த ஒரு கடிதத்தை இன்னும் மறக்கவில்லை. இலங்கை மலையகத்திலிருந்து வந்த நீல நிற வான்கடிதம். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் ஏராளமானோர் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. பிரிந்த குடும்பங்களை இணைத்தது தபால் ஒன்றுதான். அந்தக் கடிதத்தில் பெறுநர் பெயருக்குக் கீழே '4ஆம் லயம், கூடலூர், தமிழ்நாடு, இந்தியா' என்று மட்டும் இருந்தது. பின்கோடு இல்லை, மாவட்டம் இல்லை. முதலில் தேனிக் கூடலூருக்குப் போயிருக்கிறது. அங்கே யாரோ ஒரு நல்ல மனிதர் ஓரத்தில் பென்சிலால், 'இங்கே லயம் கிடையாது. நீலகிரி பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். தவறிப் போன தபாலுக்குக் குத்தும் 'மிஸ்சென்ட்' முத்திரை அதற்குப் பக்கத்தில். எல்லாம் சேர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் சுற்றிவிட்டது. லயம் என்ற அந்த ஒரு சொல்தான் கடிதத்தைக் காப்பாற்றியது. தொழிலாளர் வரிசை வீட்டை இலங்கையில் லயம் என்பார்கள். இங்கே லைன் வீடு என்போம். கடிதம் ஒரு தாய்க்கு. தாமதத்துக்குக் காரணம் சொன்னபோது அந்த அம்மா, "இந்தப் பெயரில் இன்னோர் ஊர் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். கடல் தாண்டி வந்து சேர்ந்த ஊருக்கு இன்னொன்று இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இதற்காகத்தான் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரே பெயருடைய ஊர்களும், ஒரே ஊரைப் பல மொழியில் பலவிதமாக எழுதுவதும் தபால் பிரிப்பவர்களைத் திணறடித்ததே அதற்கு முக்கியக் காரணம். 643 என்று தொடங்கினால் கடிதம் மலையேறும். 625 என்றால் மதுரை, தேனிப் பக்கம். 641 என்றால் கோவை. கூடலூர் என்று எழுதி முதல் மூன்று எண்களைச் சரியாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இப்போது கூரியரிலும் கைபேசி வரைபடத்திலும் இதே குழப்பம் புதிதாக முளைத்திருக்கிறது. பெயரை மட்டும் தட்டிவிட்டுத் திரையில் முதலில் வருவதைத் தொட்டுவிடாதீர்கள். மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது நீலகிரி. ஒடிசாவில் பாலேசுவர் மாவட்டத்தில் இருக்கும் நீலகிரி, விடுதலைக் காலம் வரை தனிச் சமஸ்தானமாக இருந்த ஊர். புரி ஜகந்நாதர் கோயில் நிற்கும் மேட்டுக்கும் நீலாசலம், நீலாத்ரி என்ற பெயர்கள் உண்டு. மூன்றும் ஒரே பொருள்தான். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைக்கூட்டத்திலும் நீலகிரி என்ற பெயரில் சிகரங்கள் இருக்கின்றன. அவற்றில் உயரமானது 7,061 மீட்டர். எங்கள் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தூரத்து மலை எங்கேயும் நீலமாகத் தெரியும். வடமொழி வழங்கிய இடங்களிலெல்லாம் யாராவது ஒருவர் அதைப் பார்த்து நீலகிரி என்று சொல்லியிருப்பார். இங்கேயும் கூடலூர்க் கதைதான். எங்களிடமிருந்து நேராகப் போன பெயரும் உண்டு. இந்தியாவில் கட்டப்பட்ட லியாண்டர் வகைப் போர்க்கப்பல்களில் முதலாவதற்கு ஐ.என்.எஸ். நீலகிரி என்று மலைத்தொடரின் பெயரை வைத்தார்கள். 1972இல் கடற்படையில் சேர்ந்து 1996இல் ஓய்வு பெற்றது. அதே பெயரில் புதிய கப்பல் 2025 ஜனவரியில் சேர்ந்திருக்கிறது. நீலகிரிக்காரன் என்ற முறையில் இதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் நீலகிரிக்கு ஏன் நீலம் என்பதில் பேச்சு அதிகம். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்து மலை முழுவதும் நீலமாவதால் என்பது ஒன்று. வெறும் தூரத்துப் புகைமூட்டத்தின் நிறம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவர்கள் பூ பூக்காத 11 ஆண்டுகளிலும் மலையை நீலமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இது என் கருத்து; சான்று அல்ல. மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள், அது நிச்சயமாகத் தவறு. வெள்ளையர் நட்ட யூக்கலிப்டஸ் மரங்களின் நீலச் சாயலால்தான் இந்தப் பெயர் வந்ததாம். யூக்கலிப்டஸ் இந்த மலைக்கு வந்தது 1843 வாக்கில். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் நீலமலையைப் பிடித்துத் தோடரை நடுங்கச் செய்ததாகச் சொல்லும் கல்வெட்டின் காலம் 1117. மரம் வருவதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே பெயர் இருந்திருக்கிறது.

உண்மையில் நடந்தது நேர் எதிரானது. மலைதான் மரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் மராத்தியிலும் நீலகிரி என்றால் யூக்கலிப்டஸ் மரமே. கர்நாடக அரசு 2017இல் யூக்கலிப்டஸ் நடுவதற்குத் தடை விதித்தபோது அங்குள்ள பத்திரிகைகள் 'நீலகிரிக்குத் தடை' என்ற பொருளில்தான் எழுதின. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம், விறகுப் பஞ்சம் தீர்ப்பதற்காக இந்த மலையில் நடப்பட்டு, இதன் இலையில் வடித்த தைலம் புட்டிகளில் நாடு முழுவதும் போனது. புட்டியின் மேல் இருந்த ஊர்ப்பெயரையே ஜனங்கள் மரத்தின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். தமிழில் தைலத்தோடு நிறுத்திக்கொண்டோம். நீலகிரி தைலம் என்போம், மரத்தைத் தைலமரம் என்போம். இங்கே மலையில் இருப்பவர்கள் அதைக் கற்பூர மரம் என்கிறார்கள். அதிலும் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. பூசைக் கற்பூரம் தரும் உண்மையான கற்பூர மரம் சீனா, ஜப்பான் பக்கத்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை. மணத்தால் வந்த பெயர்.

தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓடைக்கரையில் ஒரு கொட்டகை. பெரிய கொப்பரையில் இலையைக் காலால் மிதித்து மிதித்து அடைத்து, தண்ணீர் விட்டு, மூடியின் ஓரத்தைக் களிமண்ணால் பூசி மூடுவார்கள். முந்தின நாள் வடித்து உலர்ந்த சக்கையே இன்றைய விறகு. ஆவி குழாய் வழியே ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். தண்ணீரின் மேல் தைலம் மெல்லிய படலமாக மிதக்கும். அந்த வாசனை அரை மைல் தூரத்திலேயே மூக்கில் ஏறும். நீலகிரி என்ற பெயரைக் கேட்டதும் மும்பையில் இருப்பவருக்கு நினைவு வருவது இந்த வாசனைதான், எங்கள் மலை அல்ல. எனக்கு அதில் வருத்தம் உண்டு. சோலைகளையும் புல்வெளிகளையும் மூடிக்கொண்டு வளர்ந்த ஒரு மரம், மலையின் பெயரையும் எடுத்துக்கொண்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள்ளேயே நீலகிரி என்பது ஓர் இடம் அல்ல. நீலகிரி மாவட்டத்தின் எல்லை வேறு. நீலகிரி மக்களவைத் தொகுதியின் எல்லை வேறு. அதில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் மூன்றும் சமவெளியில் இருப்பவை. அவிநாசிக்காரர் மலையை ஒருநாளும் பார்க்காமலே நீலகிரிக்கு வாக்களிக்கலாம். 1986இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தைப் போல் இரு மடங்குக்கு மேல், மூன்று மாநிலங்களில் பரந்திருக்கிறது. பந்திப்பூரும் அமைதிப் பள்ளத்தாக்கும் அதற்குள் வரும். 'நீலகிரியில் யானை' என்று செய்தி வந்தால் எந்த நீலகிரி என்று கேட்டுக்கொள்வது நல்லது. நீலகிரி வரையாடு மிக அதிகமாக வாழும் இடமோ கேரளத்து இரவிகுளம்.

இனி வெலிங்டன். ஜக்கதளா என்ற படுகர் ஊரை ஒட்டி 1850களில் ராணுவக் குடியிருப்புகள் கட்டினார்கள். முதலில் அந்த ஊர்ப்பெயரே வழங்கியது. 1860இல் சென்னை ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெலியன், அதற்கு எட்டாண்டு முன்பு இறந்திருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார். நியூசிலாந்து நகரம் 1840இலேயே அதே பிரபுவின் பெயரைப் பெற்றுவிட்டது. அதுவும் இதுவும் ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்தவை அல்ல. ஒரு தகப்பனின் இரண்டு பிள்ளைகள். அந்தப் பிரபுவுக்கு அந்தப் பட்டமோ இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் இருக்கும் வெலிங்டன் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. ஊர்ப்பெயர் ஆள்பெயராகி, மறுபடியும் ஊர்ப்பெயராகியிருக்கிறது. மூலம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சிற்றூர்தான். ஜக்கதளா மறையவில்லை. ஜெகதளா பேரூராட்சியாக இன்றும் இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சி.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 1919 முதல் 1924 வரை சென்னை ஆளுநராகவும் பிறகு வைசிராயாகவும் இருந்தவர் வில்லிங்டன் பிரபு. வேறு ஆள், வேறு பெயர். கொச்சித் துறைமுகத்தில் மண் வாரிக் கொட்டி உருவாக்கிய தீவுக்கு அவர் பெயர். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு அவர் மனைவியின் பெயர். ஆனால் நாம் அந்தக் கல்லூரியை லேடி வெலிங்டன் என்கிறோம், தீவையும் வெலிங்டன் தீவு என்று எழுதுகிறோம். இரண்டு பெயர்கள் தமிழ் வாயில் ஒன்றாகிவிட்டன. குன்னூர் வெலிங்டனுக்கும் கொச்சித் தீவுக்கும் தொடர்பு தேடிக் கட்டுரை எழுதியவரை நான் அறிவேன். பாவம், அத்தனை உழைப்பும் வீண்.

இப்படி வேறு வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து விழுவதுதான் இந்த மலையில் மிகவும் கவனிக்க வேண்டியது. நாமக்கல் மாவட்டத்தில் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையை அறிவீர்கள். கேத்திப் பக்கத்திலும் கொல்லிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. கோத்தர்களின் ஏழு ஊர்களில் ஒன்று. அவர்கள் மொழியில் அதன் பெயர் ஏறக்குறைய 'கொல்மேல்' என்று ஒலிக்கும். அதைக் கேட்ட தமிழ்க் காது தனக்குத் தெரிந்த கொல்லிமலையாக்கிக்கொண்டது என்றே எண்ணுகிறேன். கோத்தகிரியும் அப்படித்தான். நீலகிரியில் இருக்கும் 'கிரி' மலை. கோத்தகிரியில் இருப்பது 'கேரி', அதாவது வீட்டு வரிசை, தெரு. கன்னடத்துக் கேரிதான் தமிழில் சேரி. கிவி செவியானது போல. கோத்தரின் தெரு கோத்தகிரியாகி, கேட்பவருக்கு ஏதோ ஒரு மலையின் பெயர்போல் ஆகிவிட்டது. குந்தாப் பக்கத்தில் கோத்தர்கள் வாழும் இன்னோர் ஊருக்குக் குந்தா கோத்தகிரி என்று பெயர். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு. குன்னூர் அருகே அருவி விழும் காட்டேரிக்கு வருகிறவர்கள் இரத்தக் காட்டேரி பற்றிக் கேட்கிறார்கள். அது படுகர் நாட்டு ஊர்ப்பெயர். தூனேரி போன்ற பெயர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பேய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஊர்க்காரர்கள் முன்னால் அந்த வேடிக்கையைத் தயவுசெய்து பேசாதீர்கள், அவர்கள் மனம் நோகும்.

பழனியைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி. பழனிமலை என்று பக்தர் சொல்வது முருகன் கோயில் இருக்கும் குன்றை. புவியியல் நூல் சொல்வது கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் மலைத்தொடரை. அந்த வேறுபாடு தெரியாமல் பழனிமலையில் காட்டெருமை என்று படித்துவிட்டுப் படிக்கட்டில் பயந்தவர்கள் உண்டு.

கடைசியாக உங்கள் ரயில். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும், மலையேறாது. மலையேறுவது வேறு ரயில், நீலகிரி மலை ரயில். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கிலோமீட்டர். சென்னை வண்டி வந்து சேர்ந்த பிறகு காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும். முதல் வண்டிக்கு எடுத்த டிக்கெட் இரண்டாவதற்குச் செல்லாது, தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். கோடைக்காலத்தில் வாரக்கணக்கில் முன்கூட்டியே செய்துவிடுங்கள். தேடும்போது ஊட்டி என்று தட்டி ஒன்றும் வராவிட்டால் உதகமண்டலம் என்று தட்டிப் பாருங்கள். நிலையப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.